"பசங்க சண்டைதானே" என்று திருப்பி அனுப்பினால் எங்கே போவது?

பள்ளியில் ஒரு பிள்ளையைச் சக பிள்ளைகள் தொடர்ந்து துன்புறுத்துகிறார்கள். அம்மாவோ அப்பாவோ போய்ச் சொன்னால் முதலில் கிடைக்கும் பதில் அநேகமாக இதுதான்: "பசங்களுக்குள்ள சண்டை, ரெண்டு நாள்ல சரியாயிடும்." அடுத்த தடவை, "எழுதிக் குடுங்க, பாக்குறோம்." எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாவது முறை போனால், "இதுக்குன்னு சட்டம் எதுவும் இல்லையே, நாங்க என்ன பண்றது?"

இந்த மூன்றாவது பதில் பாதி உண்மை. பள்ளிப் பிள்ளைகளுக்குள் நடக்கும் இந்தத் தொடர் துன்புறுத்தலுக்கு, அதாவது புல்லியிங்குக்கு என்று தனியாக ஒரு மத்தியச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அந்தப் பாதி உண்மையை வைத்தே பெற்றோரை வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் நடந்தது அடியா, சாதிப் பேச்சா, பாலியல் சீண்டலா, போனில் பரப்பிய படமா என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது, அதைக் கேட்டே ஆக வேண்டிய அதிகாரியும் இருக்கிறார். நாம் மனுவில் எழுதும் வார்த்தைதான் எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனுக்காக நான்கு முறை பள்ளிக்குப் போனார். ஒவ்வொரு முறையும் "என் பையனைக் கிண்டல் பண்றாங்க" என்றுதான் சொன்னார், கடிதத்திலும் அதையே எழுதினார். பள்ளியும் "கிண்டல்தானே" என்றது. உட்கார வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, இடைவேளைகளில் நாலைந்து பேர் அவனைக் கழிவறைக்கு இழுத்துப்போய் கால்சட்டையை உருவியிருக்கிறார்கள், ஒருவன் போனில் படமும் எடுத்திருக்கிறான். இது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரை போகக்கூடிய விஷயம். நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதிக் கொடுத்த அன்றைக்கே பள்ளியின் குரல் மாறிவிட்டது. மூன்று மாதம் அந்தப் பையன் பட்டதெல்லாம் "கிண்டல்" என்ற ஒரு சொல்லுக்குள் அமுங்கிக் கிடந்தது.

எனவே முதல் வேலை, தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம், யார் செய்தது, யார் பார்த்தது, பிள்ளைக்கு என்ன ஆனது. கோபத்தையும் சாபத்தையும் அதில் கொட்ட வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுப்பார்கள், மறுக்கத்தான் செய்வார்கள். அங்கே நின்று வாதாடாமல் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். பள்ளியின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட புகாரை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இந்தக் காகிதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 75ஆவது பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு, அதனால் குழந்தைக்குத் தேவையற்ற உடல் வேதனையோ மன வேதனையோ உண்டாகக்கூடும் என்றாலே அதைக் குற்றம் என்கிறது. "வேண்டுமென்றே" என்ற சொல்லில்தான் எல்லோரும் தப்பிக்கிறார்கள். "எங்க கவனத்துக்கு வரவே இல்லை" என்றால் விஷயம் முடிந்தது. தேதியோடு கூடிய கடிதம் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அடி, உதை, பொருளைப் பறித்தல்: காயம் சின்னது என்றாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், முடிந்தால் அரசு மருத்துவமனைக்கு. இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. கூட வரும் பள்ளி ஊழியரோ, சில சமயம் நம் உறவினரோ, "விழுந்துட்டான்னு சொல்லுங்க, இல்லன்னா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்பார்கள். பயந்துபோய் நாமும் அப்படியே சொல்லிவிடுகிறோம். மருத்துவர் அதையே பதிவேட்டில் எழுதிவிடுவார். பிறகு யாரிடம் போனாலும் அந்த ஒரு வரியைத்தான் திருப்பிக் காட்டுவார்கள். யார், எங்கே, எதனால் அடித்தார்கள் என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்த விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது: பிள்ளை பட்டியல் சாதி அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். ஆனால் இழிவுபடுத்தும் பேச்சுக்கான பிரிவுகள், அது பிறர் பார்க்க, பிறர் காதில் விழ நடந்திருக்க வேண்டும் என்கின்றன. எனவே "வகுப்பறையில், இத்தனை மாணவர்கள் முன்னிலையில்" என்ற விவரம் கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டால் புகார் அங்கேயே பலவீனமாகிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்கே போகாமல் இருந்த மாணவனும் அவன் தங்கையும் வீட்டில் வைத்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது அந்த அறிக்கை. இப்படிப்பட்ட விஷயத்தில் புகார் கொடுக்கும்போதே, பள்ளிக்குப் போகும் வழியிலும் வீட்டிலும் பாதுகாப்பு வேண்டும் என்று அதே மனுவில் கேளுங்கள். பிறகு கேட்கலாம் என்று விடாதீர்கள்.

பாலியல் சீண்டல்: ஆண் பிள்ளைக்கும் போக்சோ உண்டு. இதை எத்தனை முறை சொன்னாலும் காவல் நிலையத்திலேயே சிலருக்கு நம்பிக்கை வருவதில்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதே அந்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆகவே "நாங்களே உள்ளுக்குள்ள விசாரிச்சுக்கிறோம், வெளிய போனா உங்க பிள்ளை பேருதான் கெடும்" என்று பள்ளி சொன்னால், அது உங்கள் மேல் உள்ள அக்கறை இல்லை. சமரசப் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாக்குமூலம் வாங்க பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரச் சொன்னால், வீட்டிலேயே, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும் என்பதுதான் விதி என்று பணிவாக, விடாமல் சொல்லுங்கள்.

போனிலும் இணையத்திலும் நடப்பது: பள்ளியின் பதில் "அது வளாகத்துக்கு வெளிய நடந்தது." அதோடு நின்றுவிடாமல் மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் புகார் பதியுங்கள். பெயர் சொல்லாமல் பதியவும் அங்கே வழி உண்டு. ஆனால் பெயரோடு பதிந்தால்தான் பின்னால் தொடர்ந்து கேட்க முடியும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் பணமோசடிக்காகத்தான் முதன்மையாக இயங்குகிறது. அதில் பேசி அலுத்துப்போய்ப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியட்டும், இணைப்பையும் குறித்து வையுங்கள். கோபத்தில் சாட் உரையாடலை அழிக்கவே கூடாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிள்ளையின் ஆபாசப் படம் உங்கள் கைக்கு வந்தால் "ஆதாரம்" என்று உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பாதீர்கள். அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். போனை அப்படியே காவல் துறையிடம் காட்டுங்கள்.

பேசாமல் ஒதுக்கி வைப்பது, விளையாட்டில் சேர்க்காமல் விடுவது, "அவகூடப் பேசாதே" என்று மற்றவர்களைத் திருப்புவது: இதற்குத்தான் சட்டத்தின் கை எட்டுவதில்லை. பிள்ளையை உள்ளுக்குள் அரிப்பதும் இதுதான். பள்ளி சி.பி.எஸ்.இ. என்றால், 2015 மார்ச்சில் அந்த வாரியம் புல்லியிங் தடுப்புக் குழு அமைக்கச் சொல்லி வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வியே சில பள்ளிகளில் வேலையைத் தொடங்கிவைக்கும். மாநில வாரியப் பள்ளிக்கு இது பொருந்தாது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்: அடிபட்ட பிள்ளையையே வேறு செக்‌ஷனுக்கு மாற்றுவது. தவறு செய்தவர்கள் அதே இடத்தில் இருக்க, நம் பிள்ளை ஏன் பையைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டும்?

ஆசிரியரே பட்டப்பெயர் சொல்லிச் சிரித்து மற்றவர்களுக்கு எடுத்துக்கொடுத்தால், அது கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17ஆவது பிரிவு. உடல் தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது, மீறினால் பணி விதிகளின்படி நடவடிக்கை. 32ஆவது பிரிவின்படி பள்ளியின் மேல் நிர்வாக அதிகாரம் உள்ளவரிடம் எழுத்துப் புகார் கொடுக்கலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதன் மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். இதிலும் இரண்டு கண்ணிகள். இந்தச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான், எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் வெளியே நிற்பார்கள். சிறுபான்மைப் பள்ளிகளோ, இந்தச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்ற 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி ஒதுங்கிக்கொள்ளும். அங்கெல்லாம் இதைப் பிடித்துத் தொங்காமல் இளைஞர் நீதிச் சட்டத்துக்கும் போக்சோவுக்கும் போங்கள். அவை எந்தப் பள்ளி என்று பார்ப்பதில்லை.

இனி அலுவலக அலைச்சல். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் மாவட்டக் கல்வி அலுவலகம் என்பார்கள், அங்கே போனால் "இது தனியார் பள்ளி, வேற செக்‌ஷன்" என்பார்கள். தமிழ்நாட்டில் தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என்று மாவட்டக் கல்வி அலுவலர்கள் தனித்தனியாக இருக்கிறார்கள். உங்கள் பள்ளி எந்தப் பிரிவில் வரும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலியாவது மிஞ்சும். மனுவை அவர் பெயருக்கு எழுதி, நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு ஒரு எண் கிடைக்கும். எண் இல்லாத மனு மேசை மேலேயே கிடந்து மக்கிப்போகும். முப்பது நாள் கழித்தும் அசையவில்லை என்றால், அந்த மனு மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தனியார் பள்ளியிடம் நேராக இப்படிக் கேட்டால் பதில் வராது. கல்வி அலுவலகத்திடம்தான் கேட்க வேண்டும்.

காவல் நிலையத்தில் "சின்னப் பசங்க மேல எஃப்.ஐ.ஆர். போட முடியாது" என்பார்கள். இதுவும் பாதி உண்மைதான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் மீது கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களும் சேர்ந்து செய்திருந்தாலோதான் எஃப்.ஐ.ஆர். என்கின்றன இளைஞர் நீதி மாதிரி விதிகள். ஆனால் மற்றவற்றைப் பொது நாட்குறிப்பில் பதிந்து, அந்தப் பிள்ளையின் சூழ்நிலை அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதிதான். இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. நிலையத்தில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேட்டு அவரிடம் கொடுங்கள், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

ராகிங் தடுப்புக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) உதவி எண்ணுக்குப் பேசிவிட்டுக் காத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது கல்லூரிக்கு மட்டும்தான்.

பெற்றோர் தாங்களாகவே போய் விழும் குழி ஒன்று உண்டு. ஆத்திரத்தில் அடித்த பையனின் படத்தையும் பெயரையும் ஸ்டேட்டஸில் போடுவது. குற்றம் சாட்டப்பட்ட குழந்தையானாலும் பாதிக்கப்பட்ட குழந்தையானாலும் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் தண்டனைக்குரியது. தெருவில் அந்தப் பையனை நிறுத்தி மிரட்டுவதும் அப்படித்தான் முடியும். அதன் பிறகு உங்கள் புகார் பின்னுக்குப் போய், உங்கள் மேல் உள்ள புகார் முன்னே வந்து நிற்கும்.

"ரொம்பப் பேசினா டி.சி. குடுத்துருவோம்" என்ற மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் பொருந்தும் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது என்கிறது 16ஆவது பிரிவு. நாமே வேறு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற்ற முடிவெடுத்தால் டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும். அது வரவில்லை என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது 5ஆவது பிரிவு.

அவசரம் என்றால் 1098, குழந்தைகள் உதவி எண், எந்த நேரமும் பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் மனநல ஆலோசனைக்கு 14416. கடைசி இலக்கம்தான் வித்தியாசம், மாற்றி அழுத்திவிடாதீர்கள். பேசியவரின் பெயரையும் புகார் எண்ணையும் கேட்டு, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.