"என்ன படிச்சிருக்கீங்க?" என்று ஒருமுறை கேட்டால் போதாது

ஒரே ஆட்களின் படிப்பைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்யும் ஆய்வுகளுக்காகத் திருப்பூர், ஈரோடு பக்கம் களப்பணி செய்கிறேன். புதிதாக வரும் கணக்கெடுப்பாளர்களிடம் நான் விடாமல் சொல்வது: போன முறை வாங்கிய பதிலை அழித்து எழுதாதீர்கள். பக்கத்திலேயே புதிய பதிலையும், எந்த வருடம், முடித்தாரா விட்டாரா, பதில் சொன்னது யார் என்பதையும் எழுதுங்கள்.

நம் பக்கத்தில் படிப்பு நேர்கோட்டில் போவதில்லை. பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகி பனியன் கம்பெனிக்குப் போன பையன், பிறகு தனித்தேர்வராக எழுதிப் பாஸாகிறான். டிப்ளமோ சேர்ந்து, அரியரோடு நிற்கிறான். 'டிப்ளமோ' என்று மட்டும் குறித்தால் முடித்தவனுக்கும் அவனுக்கும் வித்தியாசமே தெரியாது.

கோபிப் பக்கம் ஒரு வீட்டில், "மருமக எட்டாவதுங்க" என்றார் மாமியார். அடுத்த சுற்றில் மருமகளே பேசினார். பீரோவிலிருந்து எடுத்துக் காட்டிய பிளாஸ்டிக் கவரில், மில் ஹாஸ்டலில் இருந்தபோது தனியாக எழுதிய பத்தாவது மார்க் ஷீட் இருந்தது. மாமியார் பொய் சொல்லவில்லைங்க. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற கணக்குதான் அவருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிலோடு விட்டிருந்தால், வேலை பார்த்துக்கொண்டே ஒரு பெண் பாஸானது எந்த ஆய்விலும் வந்திருக்காது. மில் வேலைக்குப் போன பெண்கள் விஷயத்தில் எனக்கு இது பெரிய கவலை.

வருடம் ஏன் முக்கியம்? தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது 1978ல். அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு, அப்புறம் கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. 2021ல் பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. அவர்கள் மதிப்பெண்ணை மற்ற வருடங்களோடு அப்படியே ஒப்பிட முடியாது.

இப்படித் தொடரும் ஆய்வுகள் மற்ற இடங்களிலும் உண்டு. பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை இன்றுவரை தொடர்கிறார்கள். தேர்வு முடிவுகளை 1978ல் பள்ளிகளிடமே கேட்டு வாங்கினார்கள். ஆந்திரம், தெலங்கானாவில் 2002 முதல், பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே தொடரும் 'யங் லைவ்ஸ்' என்ற ஆய்வு நடக்கிறது.

பதில் சொல்லும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பாதியில் விட்டதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், அதுவும் எங்களுக்கு வேண்டும். மார்க் ஷீட்டைக் காட்டினால் போதும், நகல் தர வேண்டாம். பெயரும் போன் நம்பரும் பதில்களோடு சேராமல் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். சிறுவயதில் பெற்றோர் சம்மதித்திருந்தாலும், பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் அவரிடமே மறுபடி சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் சரி, அதோடு விட்டுவிட வேண்டும்.