ரெசிடுவல்: மிச்சமா, பிழையா, எச்சமா?

சுழலும் நியூட்ரான் விண்மீனின் ரேடியோ கற்றை, சுற்றுக்கு ஒருமுறை நம் பக்கம் வந்துபோகும். அதுதான் துடிவிண்மீன், அதாவது பல்சார். அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். துடிப்பு வந்த நேரத்திலிருந்து கணக்குச் சொன்ன நேரத்தைக் கழித்தால் நிற்பது ரெசிடுவல்.

லத்தீன் 'ரெசிடேர்' என்பதற்குப் பின்தங்கி அமர்ந்திருத்தல் என்று பொருள். தமிழில் 'மிச்சம்' என்றால் பொருந்தவில்லை. அது மிகுதியைச் சொல்லும், ஆனால் துடிப்பு முந்தி வந்தால் இந்த அளவு எதிர்க்குறி பெறும். 'பிழை' இன்னும் மோசம். யாரும் பிழை செய்யாமலும் இது வரும். 'எஞ்சு' என்ற வினையிலிருந்து பிறந்த எச்சமே சரியான சொல். இலக்கணத்தில் 'வந்த' என்பது பெயரெச்சம். அதைக் கேட்டதும், வந்தது யார் என்று மனம் தேடும். நேரக் கணக்கின் எச்சமும் அப்படித்தான் காரணத்தைக் கேட்டு நிற்கிறது.

எச்சங்களை வரைபடத்தில் இட்டால், சுழியத்தைச் (0) சுற்றிச் சிதறிக் கிடப்பது நல்ல கணக்கு. நேர்கோடாக ஏறினால் சுழற்சிக் காலத்தைத் திருத்த வேண்டும். பரவளையமாக வளைந்தால் சுழற்சி தளரும் வீதத்தைத் திருத்த வேண்டும். ஓராண்டு அலையாக ஏறி இறங்கினால் விண்மீனின் இடத்தைத் தவறாகக் குறித்திருக்கிறோம்.

1991-இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் ரேடியோ வானாய்வகக் குழு, பி1829-10 என்ற துடிவிண்மீனின் எச்சத்தில் ஆறு மாத அலையைக் கண்டு, அங்கே ஒரு கோள் சுற்றிவந்து விண்மீனை அசைப்பதாக அறிவித்தது. 1992 ஜனவரியில் அக்குழுவின் ஆண்ட்ரூ லைன் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் எழுந்து, அது தங்கள் தவறு என்றார். விண்மீனின் இடம் சற்றுப் பிசகியிருந்தது. பூமியின் பாதை நீள்வட்டம் என்பது கணக்கில் முழுதாகக் கழிபடவில்லை. அந்த ஆறு மாத அலை பூமியுடையது! அரங்கம் கைதட்டியது. அந்த நேர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். அடுத்துப் பேசிய அலெக்சாண்டர் வோல்ஷானின் பி1257+12 எச்சத்தில் இருந்த 66, 98 நாள் அலைகளோ உண்மையான கோள்களுடையவை.

பல ஆண்டுகளில் மெல்ல அலையும் எச்சத்துக்கு இப்படி ஒரே விடை கிடைப்பதில்லை. விண்மீனே தடுமாறுகிறதா, வெளியையே நெளிக்கும் ஈர்ப்பலை கடக்கிறதா என்பதை ஒரு விண்மீனை வைத்துப் பிரிக்க முடியாது. ஈர்ப்பலை என்றால் பல விண்மீன்களின் எச்சங்கள் ஒன்றோடொன்று ஒத்திசைய வேண்டும். அதனால் ஈர்ப்பலை தேடும் வட அமெரிக்க நானோகிராவ் குழு 67 துடிவிண்மீன்களின் எச்சங்களை இணை இணையாக ஒப்பிட்டது. ஈர்ப்பலை இல்லாமலே அப்படியொரு ஒத்திசைவு தெரிய வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்று 2023-இல் கணித்தது. அப்போதும் 'சான்று' என்றே எழுதினார்கள், 'கண்டுபிடிப்பு' என்று எழுதவில்லை.

எச்சம் என்றதும் பறவையின் எச்சம் நினைவுக்கு வரும் என்று தயங்குவோர் 'நேர எச்சம்' என்று சேர்த்தே எழுதலாம்.