சாரம் ஏன் வேர்வையைக் குடிக்கிறது?

போன சிறுபோகத்தில் இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயலொன்றில் பெரியப்பாவோடு களை பிடுங்கப் போயிருந்தேன். நான் போட்டிருந்தது பொலியெஸ்ரர் சட்டை. அவர் பழைய பருத்திச் சாரமும் தோளில் ஒரு துவாயும். பதினொரு மணிக்கெல்லாம் என் சட்டை முதுகோடு ஒட்டிப்பிடித்து, உள்ளே வேர்வை வழிந்துகொண்டே இருந்தது. “பருத்தியைப் போட்டுக்கொண்டு வா தம்பி, அது வேர்வையைக் குடிக்கும்” என்றார். குடிக்கும் என்று அவர் சொன்னது விஞ்ஞானப்படியும் சரியான சொல்தான்.

பருத்தி நூலைப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் மிஞ்சுகிற இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு கலம். பூ மலர்கிற நாளையொட்டி விதையின் மேல்தோலில் இருக்கிற கலங்களில் சில நீளத் தொடங்குகின்றன, ஏறக்குறைய 3 கிழமை நீண்டு நீண்டு 3 சென்ரிமீற்றர் அளவுக்கு வந்துவிடுகின்றன, ஆனால் தடிப்போ ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அப்புறம் உள்பக்கமாகச் சுவர் தடிக்கிறது. காய் வெடித்து வெயில் பட்டதும் உள்ளிருந்த சாறு வற்றி, குழாய் போல இருந்த இழை சப்பளிந்து நாடா மாதிரி முறுகிக்கொள்கிறது. இந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, நூலும் திரிக்க முடிகிறது. தலையணைக்குள் அடைக்கிற இலவம் பஞ்சைப் பாருங்கள், அதுவும் வெள்ளைதான், மெதுதான், ஆனால் அது விதையில் முளைப்பதில்லை, காயின் உட்சுவரில் முளைக்கிறது. முறுக்கில்லாத, மெழுகு பூசிய, காற்று நிறைந்த வழுவழுக் குழாய். தண்ணீரில் மிதக்கும், ஆனால் நூற்கப் போனால் வழுக்கிவிடும்.

சரி, குடிப்பது எப்படி? பருத்தி இழையில் 90 சதவீதத்துக்கு மேல் செலுலோசு. ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகள் கோத்த சங்கிலி அது. ஒவ்வொரு அலகிலும் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஐதரொட்சில் கூட்டங்கள் 3 இருக்கின்றன. பொலியெஸ்ரரில் அப்படிப் பிடிமானம் அநேகமாக இல்லை. 20 பாகை வெப்பமும் 65 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்றில் சும்மா வைத்தாலே 100 கிராம் உலர்ந்த பருத்தி 7, 8 கிராம் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும், பட்டு 11 கிராம் அளவில், கம்பளி 16 அளவில். பொலியெஸ்ரர் அரைக் கிராம்கூட இழுக்காது.

ஆனால் குடித்ததால் மட்டும் உடம்பு குளிராது, குடித்த வேர்வை ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வேர்வை ஆவியாகப் போகும்போது ஏறக்குறைய 2.4 கிலோயூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. சோளகக் காற்று அடிக்கிற வன்னி வெயிலில் நனைந்த துவாய் அவ்வளவு குளிர்வது இதனால்தான். பொலியெஸ்ரரை முழுக்கக் குறை சொல்லவும் கூடாது, விளையாட்டுக்காரர் போடுகிற நெய்தலில் வேர்வை இழைகளுக்கு இடையால் வெளிப்பக்கம் ஏறிச் சீக்கிரம் காய்ந்துவிடும். நான் போட்டிருந்தது நெருக்கி நெய்த சட்டை, அதுதான் பிழை.

மாரியில் கதை தலைகீழ். காற்றே ஈரமாக இருக்கும்போது கொடியில் போட்ட பருத்தி இரண்டு நாளானாலும் காயாது, மணக்கத் தொடங்கும், கரும்புள்ளி விழும். பூஞ்சணத்துக்குச் செலுலோசு நல்ல சாப்பாடு. தேங்காய்த் தும்பு அப்படி இலேசில் உக்காததற்குக் காரணம் அதில் நிறைய இருக்கிற இலிக்னின், மரத்தை மரமாக வைத்திருக்கிற அதே பொருள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. பருத்தி நனைந்தால் பலம் கூடும். தண்ணீர் உள்ளே போய் இழை ஊதும்போது சங்கிலிகள் கொஞ்சம் தளர்ந்து, இழுவையை எல்லாமாகச் சேர்ந்து தாங்குகின்றன. அதனால்தான் கிணற்றடிக் கல்லில் அம்மம்மா அந்த அடி அடித்தும் சேலைகள் வருடக்கணக்கில் தாங்கின. ரேயோனும் செலுலோசுதான், ஆனால் மரக்கூழைக் கரைத்து மறுபடி இழையாக்கும்போது சங்கிலிகள் குட்டையாகி ஒழுங்கும் குறைந்துவிடுகிறது, நனைந்தால் பாதிப் பலம்வரை போய்விடும். ரேயோன் சேலையை ஈரத்தோடு முறுக்கிப் பிழியாதீர்கள், தயவுசெய்து.

பருத்தி கசங்குவதும் இதே தண்ணீரால்தான். சங்கிலிகளுக்கு இடையில் உள்ள ஐதரசன் பிணைப்புகள் ஈரத்தில் விட்டு, காயும்போது எந்த மடிப்பில் இருக்கிறதோ அந்த மடிப்பிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். அயன் பண்ணும்போது தண்ணீர் தெளிப்பது அதை இன்னொரு தரம் அவிழ்க்கத்தான்.

கடையில் ‘கொட்டன்’ என்று சொல்லி விற்பதெல்லாம் பருத்தி இல்லை, பாதி கலப்பு. விளிம்பில் ஒரு நூலை உருவி, துணியிலிருந்து தள்ளி, குறட்டால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பட்டும் கம்பளியும் மயிர் பொசுங்குகிற மணம். பொலியெஸ்ரர் சுருங்கி உருகிக் கடினமான கறுப்பு மணியாகும், உருகியது தோலில் ஒட்டினால் புண் ஆழமாகும். விறகடுப்பில் நின்று சமைக்கிற அம்மாவுக்கு வாங்குகிற சட்டையில் இந்த நூல் சோதனையை நான் தவறாமல் செய்து பார்க்கிறேன்.