முட்டி வீங்கும்வரை காத்திருக்காதீர்கள்

ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபிலியா உள்ள பிள்ளைக்கு விரலில் சின்னக் கீறல் விழுந்தால் வீடே பதறிப்போகிறது. அந்தக் கீறல் பெரும்பாலும் அழுத்திப் பிடித்தாலே அடங்கிவிடும். பிள்ளையை முடக்கிப்போடுவது கண்ணுக்குத் தெரியாமல் முட்டி, கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் கசியும் ரத்தம்தான். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரத்தநோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் போன் செய்தார்.

"சிஸ்டர், வீக்கமே இல்லை. முட்டிக்குள்ள சூடா, ஏதோ ஊர்ற மாதிரி இருக்குங்கிறான். ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்கிறானோ?"

"அவன் சொல்றது நிஜம்மா. உடனே ஃபேக்டர் போடுங்க."

வீக்கம் வெளியே தெரியும் முன்பே பிள்ளை அதை உணர்ந்துவிடும். கூடுமானவரை 2 மணி நேரத்துக்குள் ஃபேக்டர், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் ஊசி மருந்து, உள்ளே போக வேண்டும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் உள்சவ்வு தடித்து இன்னும் சுலபமாகக் கசியும். குருத்தெலும்பு அரித்துப்போகும். அதன்பின் எந்த மருந்தாலும் பழைய மூட்டைத் திருப்பித் தர முடியாது.

அதனால்தான் வீட்டிலேயே ஊசி போடப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கிறோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தும் அதோடு வரும் கலக்கும் தண்ணீரும் அறைச் சூட்டுக்கு வரட்டும். கலந்தபின் குலுக்காதீர்கள், நுரை வராமல் மெதுவாகச் சுழற்றுங்கள். ரத்தக் குழாயில் (சிரையில்) மெல்ல ஏற்றி, ஊசியை எடுத்ததும் 5 நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். இந்த ஃபேக்டரின் ஒரு பகுதி நம் ஊருக்குப் பக்கத்திலேயே, பைன்டவுனில் உள்ள நேஷனல் பயோபுராடக்ட்ஸ் இன்ஸ்டிடியூட்டில், இந்நாட்டு மக்கள் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து தயாராகிறது. முகம் தெரியாதவர்கள் கொடுத்தது அது. வீட்டில் வைத்துக் காலாவதியாக விடாதீர்கள்.

தலையில் அடிபட்ட ஒரு பையனை அவசரப் பிரிவு ஒன்றில் ஸ்கேனுக்காக வரிசையில் உட்கார வைத்திருந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது. முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். சிகிச்சை அட்டையைக் காட்டி இதை உரக்கச் சொல்லுங்கள். வலிக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கூடாது, பாராசிட்டமால் போதும்.

இதெல்லாம் பையன்களின் நோய் என்று பெண் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடுகிறோம். ரத்தம் சரியாக உறையாத இன்னொரு பரம்பரை நோயான வான் வில்லிபிராண்ட் நோய் இருபாலருக்கும் வரும். மாதவிடாய் 7 நாளைத் தாண்டுகிறதா? 2 மணி நேரத்துக்குள் பேட் நனைந்துபோகிறதா? "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு அப்படித்தான்" என்று ஆயா சொல்வார். பரம்பரை நோயானால் வேறெப்படி இருக்கும்? ஆயாவுக்கும் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி இருப்பதே பரிசோதிக்கக் காரணம். டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையிலேயே பலருக்குப் போக்கு குறையும். ரத்தசோகையோடு வருஷக்கணக்கில் தள்ளாட வேண்டியதில்லை.

குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், குழந்தைக்குக் காது குத்தும் முன் பரிசோதனை செய்துவிடுங்கள். தைப்பூசம் நெருங்கும்போது, "வேண்டுதல் இருக்கு, பையன் அலகு குத்திக்கலாமா?" என்று கேட்பார்கள். நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்துவது இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பால்குடம் எடுக்கட்டும், காவடி தூக்கட்டும். முருகனுக்கு அதுவும் வேண்டுதல்தான். வெறுங்காலில் வெகுதூரம் நடப்பதானால் அன்று காலை ஃபேக்டர் தேவைப்படலாம். சில வாரம் முன்பே வந்து எங்களிடம் பேசுங்கள்.