கேட்டுவிட்டு ஏறும் மின்சாரம்

மொட்டைமாடிக் கம்பத்தில் இன்டர்நெட்டுக்கான ஒரு வயர்லெஸ் ரேடியோ. அதிலிருந்து ஒரே ஒரு கறுப்பு ஈதர்நெட் (நெட்வொர்க்) கேபிள் இறங்கி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. தகவல் போய்வருவதும் அதில்தான், ரேடியோவுக்கான மின்சாரம் ஏறுவதும் அதில்தான். 230 வோல்ட் லைன் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மழையில் நனையும் கம்பத்துக்கு 60 வோல்ட்டுக்கும் குறைந்த டிசி மட்டுமே போகிறது. ‘பவர் ஓவர் ஈதர்நெட்’ எனப்படும் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஒரே கம்பியில் இரண்டும் எப்படி? ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஒரு ஜோடியின் இரு கம்பிகளுக்கு இடையே இருக்கும் மின்னழுத்த வித்தியாசம்தான் தகவல். மின்சாரம் அனுப்பும்போது அந்த இரண்டு கம்பிகளின் அழுத்தத்தையும் சேர்த்தே உயர்த்துகிறார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் படகில் நிற்கும் இருவரும் சேர்ந்துதான் மேலே போவார்கள். யார் நெட்டை, யார் குட்டை என்பது மாறாது. அதுபோலத் தகவலும் கலையாமல் போகிறது.

இதற்கான முதல் தரவரையறை 2003இல் வந்தது, 15.4 வாட் வரை. 2009இல் அது 30 வாட் ஆனது, 2018இல் 90 வாட். ஆனால் வாட் கணக்கைவிட முக்கியமானது, இந்த முறை முதலில் கேட்கிறது என்பது. கேபிளைச் செருகியதும், மின்சாரம் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்ச் 48 வோல்ட்டை அப்படியே தள்ளிவிடாது. சுமார் 10 வோல்ட்டுக்குள் மெல்லத் தட்டிப் பார்க்கும். எதிர்முனைக் கருவியின் அடையாளமாக 25 கிலோஓம் மின்தடை தெரிந்தால்தான் முழு மின்சாரத்தையும் விடும். கேபிளைப் பிடுங்கினால், ஓட்டம் நின்றதைக் கவனித்து ஒரு நொடிக்குள் நிறுத்திவிடும்.

விலை குறைந்த வெளிப்புற ரேடியோக்கள் பலவற்றில் இந்தக் கேள்வியே கிடையாது. ‘பேசிவ்’ என்பார்கள். பெரும்பாலும் 24 வோல்ட். நீல ஜோடியில் ப்ளஸ், பழுப்பு ஜோடியில் மைனஸ், எந்நேரமும். கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் சிறு பெட்டிதான் இன்ஜெக்டர்; அதில் மின்சாரம் வரும் துளையில் தவறுதலாகச் செருகி ஒரு லேப்டாப்பின் போர்ட்டை நான் இழந்திருக்கிறேன். பல போர்ட்களில் ஜோடிகளை இணைத்தபடி 75 ஓம் மின்தடைகள் இருக்கும், எள் அளவு. 24 வோல்ட் அவற்றின் வழியே பாய்ந்தால் கருகிவிடும். இன்று எங்கள் வீட்டு இன்ஜெக்டரில் அந்தத் துளையின் மேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது.

கேபிளின் நீளமும் கணக்கில் வரும். 60 மீட்டரில் 12 வாட் ரேடியோவை 24 வோல்ட்டில் ஓட்டினால் ஏறத்தாழ 2 வாட் கம்பியிலேயே சூடாகிப் போகும். 48 வோல்ட்டில் அரை வாட்கூடப் போகாது. கேபிள் வாங்கும்போது கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம்; இழப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். வேண்டாம்.

அப்புறம் மழை. தண்ணீர் புகுந்த ஒரு பிளக்கை வெட்டிப் பார்த்தேன். நீல ஜோடி சேரும் இரண்டு பின்கள் மட்டும் பச்சை பூத்து அரித்திருந்தன, மற்றவை ஏறக்குறைய புதிது போலவே இருந்தன. ஈரத்தில் மின்சாரம் ஓடும்போது ப்ளஸ் பக்கத்து உலோகம்தான் கரையும். உறைக்குள் புகுந்த நீர் கேபிளோடு இறங்கி இன்ஜெக்டர் வரைகூட வந்துவிடும். அதனால் கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு முழம் தாழ்வாக வளைத்து விடுகிறேன். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இடிக்கு, கேபிளின் இரு முனைகளிலும் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) தேவை. இரண்டும் வீட்டின் அதே எர்த்தோடு, குட்டையான தடித்த கம்பியில் சேர வேண்டும். மாடிக்கென்று தனியாக ஒரு எர்த் போட்டு அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விட்டால், அருகில் மின்னல் விழும்போது இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். அது நம் கேபிள் வழியாகத்தான் சமனாகும். நேரடியாகக் கம்பத்திலேயே விழுந்தால் எந்த அரெஸ்டரையும் நம்ப முடியாது. ஐப்பசியில் மேகம் கறுக்கும்போதே, முதல் இடி கேட்கும் முன், இன்ஜெக்டரை பிளக்கிலிருந்தும் கேபிளிலிருந்தும் கழற்றி வைத்துவிடுகிறேன்.