தட்டில் வளர்ந்தது எந்தச் செல்?

பிரசவம் முடிந்ததும் தொப்புள்கொடி குப்பைக்குத்தான் போகும். நியூயார்க்கில் எரிக் ஜாஃபி என்ற ஆய்வாளரின் குழுவினர், இரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்களை எடுப்பதற்காக அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொடிக்குள் இரண்டு தமனி, ஒரு சிரை. சிரையில் இருக்கும் இரத்தத்தைக் கழுவிவிட்டு, கொலாஜினேஸ் என்ற நொதியை ஊற்றி, சில நிமிடம் உடல் சூட்டில் வைத்தார்கள். செல்களைச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் இழைகளை அந்த நொதி கரைத்துவிடும். அப்புறம் திரவத்தை வெளியே எடுத்தால், குழாயின் உள்பக்கம் ஒரே அடுக்காகப் படர்ந்திருந்த செல்களும் கூடவே வந்துவிடும். 1973-ல் வெளியான இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எண்டோதீலியம் எனப்படும் இந்த அடுக்குதான் இரத்தம் உள்ளே உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது. புதுக் குழாய் முளைப்பதும் இதிலிருந்துதான். இரத்தம் போகாமல் காலில் ஆறாத புண்ணோடு இருப்பவருக்கு இந்தச் செல்களை வளர்த்துக் கொடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வளர்ப்பது முடியாத காரியமல்ல. வளர்ப்புத் தட்டில் ஜெலட்டினோ ஃபைப்ரோநெக்டினோ (செல்கள் பற்றிக்கொள்ள உதவும் புரதங்கள்) பூசவேண்டும், இல்லையென்றால் சரியாக ஒட்டாது. வளர்ப்புத் திரவத்தில் விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள், இன்குபேட்டரில் 37 டிகிரி சூடு, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சில நாளில் நுண்ணோக்கியில் பார்த்தால் கூழாங்கல் பதித்த தரைபோல் இருக்கும். இடம் நிரம்பியதும் பெருகுவதை நிறுத்திவிடும். டிரிப்சின் என்ற நொதியை ஊற்றிப் பிரித்து வேறு தட்டுக்கு மாற்றவேண்டும். மாற்ற மாற்ற செல்கள் மூப்படையும். சிகிச்சைக்கோ கோடிக்கணக்கில் செல்கள் வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை உண்மையான சிக்கல் வேறு. வளர்ந்திருப்பது நாம் நினைக்கும் செல்தானா? 1997-ல் அசஹாரா, இஸ்னர் குழுவினர், பெரியவர்களின் இரத்தத்திலேயே எண்டோதீலிய முன்னோடிச் செல்கள், அதாவது எண்டோதீலியமாக மாறக்கூடிய செல்கள், ஓடுவதாக அறிவித்தார்கள். ஊசியில் எடுத்த இரத்தமே போதுமென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நோயாளிகளிடம் சோதனைகளும் தொடங்கின. ஆனால் அந்த வழியில் வளர்த்தவற்றில் பெரும்பகுதி மோனோசைட் வகை வெள்ளணுக்கள் என்று பின்னால் தெரிந்தது. ஒருவகைக் கொழுப்புத் துகளை விழுங்கும், லெக்டின் என்ற, சர்க்கரையைப் பற்றும் புரதங்களில் குறிப்பிட்ட ஒன்று அதில் ஒட்டும் என்ற அடையாளங்களை நம்பியிருந்தார்கள். வெள்ளணுக்களுக்கும் அதே குணம் உண்டு. அவை குழாய் வளர உதவும் பொருட்களைச் சுரக்கும். தாமே குழாயாக மாறாது.

நிஜமான செல்லும் இரத்தத்தில் இருக்கிறது, மிக அரிதாக. 2004-ல் இங்ரம், யோடர் குழுவினர் தொப்புள்கொடி இரத்தத்தில் நன்றாகப் பெருகும் எண்டோதீலிய முன்னோடிச் செல் வகையை விளக்கினார்கள். கொடி இரத்தத்தை வளர்த்தால் ஒரு வாரத்திலேயே தட்டில் செல் கூட்டங்கள் தெரியும். பெரியவர்களின் இரத்தத்தில் இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். அவசரப்பட்டு முன்பே தட்டைப் பார்த்தால் கண்ணில் படுவது வெள்ளணுதான்.

இன்று எண்டோதீலியச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி31, விஇ-கேடெரின் ஆகிய புரதங்கள் இருக்கின்றனவா, வெள்ளணுவின் அடையாளமான சிடி45 இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மனித உடலுக்குள் போகவேண்டியது என்பதால், திரவத்தில் கன்றுக்குட்டிச் சீரத்துக்குப் பதிலாக மனிதத் தட்டணுச் சாற்றைச் சேர்ப்பதும் உண்டு.

கடைசிச் சோதனை எலியிடம். செல்களைத் துணைச் செல்களோடு ஒரு கூழில் கலந்து, நோயெதிர்ப்பு இல்லாத எலியின் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். ஒரு வாரம் கழித்து அந்தக் கூழைச் சீவிப் பார்த்தால், மனிதச் செல்கள் கட்டிய குழாய்களுக்குள் எலியின் சிவப்பணுக்கள் இருக்கவேண்டும்.