கோலி கையால் தொட்டதெல்லாம் பெனால்டி ஆகாது

குமரி மாவட்டத்தில் தூத்தூர் முதல் நீரோடி வரையிலான கடலோர ஊர்களில் கால்பந்துப் போட்டிக்கு விசில் ஊதும் நடுவர் எவருக்கும் ஒரு கூச்சல் பழக்கமானது. தன் அணிக்காரர் காலால் தந்த பந்தைக் கோலி, அதாவது கோல்கீப்பர், கையில் எடுத்தால் போதும், கோட்டோரம் நிற்பவர்கள் பெனால்டி கேட்பார்கள். அந்தத் தவறு கோலுக்கு முன்னுள்ள பெனால்டி ஏரியாவுக்குள் நடந்தால் எதிரணிக்குக் கிடைப்பது, நேரடியாகக் கோல் அடிக்க முடியாத இன்டைரக்ட் ஃப்ரீ கிக் மட்டுமே. கோலுக்குள் போகவிருந்த அப்படியொரு பேக் பாஸைக் கையால் தடுத்திருந்தாலும் அவருக்கு அட்டை காட்டப்படாது.

1990 இத்தாலி உலகக்கோப்பையில் பந்தைக் கோலியிடம் திருப்பித் திருப்பித் தந்து நேரம் கடத்தியது பலரையும் சலிப்படையச் செய்த பின்னர், 1992இல் இவ்விதி வந்தது. சக வீரர் பாதத்தாலோ கணுக்காலாலோ வேண்டுமென்றே கோலிக்குத் தட்டினாரா என்பதே கேள்வி. பந்து முன்னே வந்ததா, பின்னே வந்ததா என்பது பொருட்டல்ல. தலை, மார்பு, முழங்கால் வழியே வந்தாலும், எதிராளியைத் தடுக்கும்போது காலில் பட்டுத் தெறித்து வந்தாலும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் விதியை ஏய்ப்பதற்கென்றே பந்தைக் காலால் மேலே தூக்கித் தலையால் கோலிக்குத் தள்ளும் வீரருக்கு, கோலி அதைத் தொடாவிட்டாலும், மஞ்சள் அட்டை உண்டு. நம் பையன்களில் சிலர் இதைப் பெரிய சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். சக வீரர் பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோவையும் நேரடியாகக் கையால் பிடிக்கக் கூடாது.

மணல் மைதானங்களில் கோடு மிதிபட்டு அழிந்துவிடுவதால் ஏரியாவின் எல்லை குறித்துத்தான் அதிகம் சண்டை வருகிறது. கோலியின் கால் எங்கே இருந்தது என்பதை நடுவர் பார்ப்பதில்லை, கை படும்போது பந்து எங்கே இருந்தது என்பதையே பார்க்கிறார். கோடும் ஏரியாவைச் சேர்ந்ததுதான். பந்து முழுவதும் வெளியே இருந்தால் கோலியும் மற்ற வீரரைப் போன்றவரே. அப்போது நேரே கோல் அடிக்கக்கூடிய டைரக்ட் ஃப்ரீ கிக் வழங்கப்படும். உறுதியான கோல் வாய்ப்பைக் கெடுத்திருந்தால் சிவப்பு அட்டையும் வரும்.

முன்னிலையில் உள்ள அணியின் கோலி பந்தை அணைத்தபடி படுத்தே கிடப்பதைத் தடுக்க 2025 ஜூலை முதல் புதிய விதி வந்துள்ளது. முன்பு பந்தைக் கையில் வைத்திருக்க 6 நொடி வரம்பு இருந்தும், அதை மீறினால் கிடைக்கும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கை ஏறக்குறைய எந்த நடுவரும் கொடுத்ததில்லை. இப்போது வரம்பு 8 நொடி. கடைசி 5 நொடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவார், மீறினால் எதிரணிக்குக் கார்னர் கிக்.